குலசேகரத்திலிருந்து அல்ஜீப்ரா ஆராய்ச்சிக்கு

பி.எஸ்சி. கணிதம், பிறகு பி.எட்., அப்புறம் அரசுப் பள்ளி ஆசிரியர் வேலைக்கான டி.ஆர்.பி. தேர்வு. குமரி மாவட்டத்தில் கணிதம் எடுத்த பிள்ளைக்கு வீட்டார் நினைத்து வைத்திருக்கும் பாதை பெரும்பாலும் இதுதான். நல்ல பாதை, எனக்குக் கணக்கில் ஆசை உண்டாக்கியவர்களே அப்படி வந்த ஆசிரியர்கள்தான். ஆராய்ச்சிக்கும் ஒரு பாதை உண்டு. அதை விசாரித்து வருகிறவர்களுக்காக நான் வந்த வழியை எழுதுகிறேன்.

கல்லூரியில் குரூப், ரிங் (வளையம்) எல்லாம், அதாவது கூட்டல், பெருக்கல் போன்ற செயல்கள் உள்ள அமைப்புகள், பாடத்தில் இருந்தன. தேற்றத்தை நெட்டுருப் போட்டால் மார்க் வந்துவிடும். என்னை மாற்றியது எம்.டி.டி.எஸ். (Mathematics Training and Talent Search) என்ற கோடைக் கணிதப் பயிற்சி. பேராசிரியர் குமரேசன் 1993-இல் தொடங்கியது, நான்கு வாரம். அங்கே பாடம் நடத்துகிறவர் கேள்வியாகவே கேட்பார், பதில் வரும்வரை நகரமாட்டார். ஒற்றையும் இரட்டையும் கூட்டினால் ஒற்றை என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அந்த 'ஒற்றை', 'இரட்டை' இரண்டையும் இரண்டு எண்களைப் போலவே பாவித்தால் அதுதான் கோஷண்ட் குரூப் என்று புரிந்த மத்தியானம், சாப்பிடப் போக மனமில்லாமல் உட்கார்ந்திருந்தேன்.

எம்.எஸ்சி.க்குப் பிறகு ஆராய்ச்சி உதவித்தொகைக்கான நெட் தேர்வு, தேசிய உயர்கணித வாரியத் தேர்வு, ஆராய்ச்சி நிறுவனங்களின் நேர்காணல். நேர்காணலைப் பற்றி ஒன்றுதான்: 'உனக்குப் பிடித்த பகுதி எது?' என்று கேட்டுவிட்டு அதில் எடுத்துக்காட்டு கேட்பார்கள். தேற்றம் சொன்னால் போதாது. எந்த நிபந்தனையை நீக்கினால் அது உடையும் என்று காட்ட வேண்டும்.

பிஎச்.டி.க்கு எனக்கு அமைந்தது புரொஜெக்டிவ் மாட்யூல்கள். வெக்டர் ஸ்பேஸைப் போன்றது, ஆனால் எண்களின் இடத்தில் ஒரு வளையம் இருப்பது மாட்யூல். அதற்கு ஒரு பேசிஸ் இருந்தால் ஃப்ரீ; ஃப்ரீயான ஒன்றை நேர்க்கூட்டலாகப் பிரித்தால் கிடைக்கும் துண்டு புரொஜெக்டிவ். பல்லுறுப்புக்கோவை வளையத்தின் மேல் அவை எல்லாம் ஃப்ரீயா என்ற கேள்வியை 1955-இல் எழுப்பியவர் பிரெஞ்சுக் கணிதவியலாளர் ழான்-பியர் சேர் (Serre). இரண்டு மாறிகளுக்கு 1958-இல் நிரூபித்தவர் நம் காஞ்சிபுரத்தில் பிறந்த சி.எஸ். சேஷாத்ரி. எத்தனை மாறிகள் இருந்தாலும் சரிதான் என்று 1976-இல் குவில்லனும் சுஸ்லினும் தனித்தனியே காட்டினார்கள். ஒரு கேள்விக்கு இருபது வருஷம்! ஆராய்ச்சியில் மாதக்கணக்காக ஒன்றும் நகராதபோது என் வழிகாட்டி சொன்னது, "சின்ன உதாரணத்தைக் கையால் கணக்குப் போட்டுப் பார்". என்னைக் கரை சேர்த்தது அந்தச் சொல்தான்.

இப்போது விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது பிள்ளைகளுக்கு முதலில் கொடுப்பதும் அப்படி ஒன்றுதான். 6, 10, 15. எந்த இரண்டை எடுத்தாலும் பொதுக் காரணி உண்டு. மூன்றுக்கும் சேர்த்துப் பொதுக் காரணி 1 தவிர வேறில்லை. இதை முதல் வரிசையாக வைத்து, முழு எண்களால் அணிக்கோவை 1 வரும்படி மேட்ரிக்ஸ் அமைக்க வேண்டும். "விடையைச் சொல்லாதீங்க சார்" என்று ஒரு மாணவி நோட்டோடு ஓரமாகப் போய் உட்கார்ந்தாள். 6-ஐயும் 10-ஐயும் கூட்டி 15-ஐக் கழித்தால் 1 என்பதைப் பிடித்துக்கொண்டு, 0, 1, 1 என்றும் 1, 0, 1 என்றும் கீழே இரண்டு வரிசை எழுதிக் கொண்டுவந்தாள். கணக்குப் போட்டுப் பாருங்கள், அணிக்கோவை 1 வரும். "மக்ளே, இது சேர் கேட்ட கேள்வியோட தம்பி" என்றேன். எண்களுக்குப் பதிலாகப் பல்லுறுப்புக்கோவைகளை வைத்து இப்படி ஒரு வரிசையை மேட்ரிக்ஸாக நிரப்ப முடியுமா என்பதில்தான் அவர் கேள்வியும் வந்து நிற்கும்.

அவள் அப்பா ரப்பர் பால் வெட்டுகிறவர். "இது படிச்சா வேலை உண்டா சாரே?" என்று கேட்டார். நியாயமான கேள்வி, மழுப்பக் கூடாது. ஆராய்ச்சி உதவித்தொகை மாதாமாதம் வரும், ஆனால் நிலையான வேலைக்கு முப்பது வயது தாண்டலாம், நடுவில் பி.எட். வழி அடைபடுவதில்லை என்று உள்ளபடி சொன்னேன். யோசித்துவிட்டுப் பயிற்சிக்கு அனுப்பச் சம்மதித்தார்.

கடைசியாக ஒன்று: விண்ணப்பத்தோடு கேட்கும் பரிந்துரைக் கடிதத்துக்குப் பெரிய பதவியில் இருப்பவரைத் தேடி அலைய வேண்டாம். நீங்கள் ஒரு கணக்கில் மாட்டிக்கொண்டு திரும்பத் திரும்ப முயன்றதைப் பார்த்த ஆசிரியரிடம் கேளுங்கள்; அவருக்குத்தான் எழுத விஷயம் இருக்கும். கடைசித் தேதிக்கு ரொம்ப முன்னாலேயே கேட்டுவிடுங்கள்.