நாலாயிரத்து ஐந்நூறில் ஒரு கொசு

என் பைக் ஆறாவது கியரில் மணிக்கு 90 கி.மீ. போகும்போது இன்ஜின் 4500 ஆர்.பி.எம்., அதாவது நிமிடத்துக்கு 4500 சுற்று, சுற்றும். சரியாக அங்கேதான் அந்தச் சத்தம் வரும். காதோரத்தில் ஒரு கொசு போகாமல் நின்று பாடுகிற மாதிரி, ஒரே சுருதியில், உய்ய்ய்ங் என்று. 4200இல் லேசாக இருக்கும், 4800 தாண்டினால் காற்றிரைச்சலில் மூழ்கிவிடும். ஆனால் நீண்ட தூரம் போகிறவன் பொழுது முழுக்க ஓட்டுகிற வேகம் அந்த 90தானே. சேலத்தில் கிளம்பி நாமக்கல், கரூர், திண்டுக்கல் என்று நாலுவழிச் சாலையைப் பிடித்துவிட்டால் மதுரை வரைக்கும் கொசுவோடுதான் பயணம்.

வண்டியின் பெயர் இங்கே வேண்டாம். ஒற்றை சிலிண்டர், 400 சிசிக்குப் பக்கம், முன்னால் காற்றைத் தடுக்கும் கண்ணாடி, பின்னால் பெட்டி மாட்ட கம்பி. இந்தச் சத்தம் அந்த மாடலுக்கு மட்டும் உரியதும் இல்லை. நண்பர்களின் வண்டிகளை வாங்கி ஓட்டிப் பார்த்திருக்கிறேன், ஒவ்வொன்றுக்கும் ஒரு முனகல் இருக்கிறது, ஒன்றுக்கு 3800இல், இன்னொன்றுக்கு 5500இல்.

முதல் ஒரு வருடம் நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. சர்வீஸுக்கு விட்ட இடத்தில் சொன்னேன், ஒருத்தர் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துவிட்டு "இது இப்படித்தான் சார்" என்றார். மனசு கேட்கவில்லை. ஆயில் மாற்றினேன், அப்புறம் விலை கூடிய ஆயில், அப்புறம் இன்னும் தடிமனான ஆயில். ஆயிரம் கிலோமீட்டருக்கு மூன்று முறை ஆயில் மாற்றியவன் நான். செயின் ஸ்ப்ராக்கெட் செட்டை ஆயுள் முடிவதற்கு முன்பே கழற்றிப் புதிது போட்டேன். வேறொரு ஒர்க்‌ஷாப்பில் கிளட்ச் கவரைத் திறந்து பார்த்து, "எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்று மூடி, நாலாயிரத்துச் சொச்சம் வாங்கிக்கொண்டார்கள். கொசு அங்கேயே இருந்தது. வீட்டம்மாவைப் பின்னால் உட்கார வைத்து, "கேக்குதா, இப்ப கேக்குதா" என்று தொப்பூர் வரை போய் வந்தேன். "எனக்கு ஒண்ணும் கேக்கலையே" என்றாள். அவள் சொன்னது உண்மை என்று பிற்பாடுதான் புரிந்தது. இன்ஜினிலிருந்து எழும்பும் சத்தம் முன்பக்க பிளாஸ்டிக் உறையான ஃபேரிங்கின் உள்பக்கத்திலும் கண்ணாடியிலும் மோதி ஓட்டுகிறவன் முகத்துக்கே திரும்பி வருகிறது. பின்னால் இருப்பவருக்கு நம் முதுகே சுவர்.

எனக்கு வழி காட்டியது எங்கள் பக்கத்து மெக்கானிக் அண்ணா ஒருவர். சின்னப் பட்டறைதான். வண்டியை ஸ்டாண்டில் போட்டு ஸ்டார்ட் செய்யச் சொன்னார். ஒரு அடி நீள ஸ்க்ரூடிரைவரின் நுனியை கிளட்ச் கவரில் வைத்து, மரக் கைப்பிடியைக் காதுக் குழிக்குப் பக்கத்தில் எலும்பில் அழுத்திக்கொண்டு, கண்ணை மூடிக் கேட்டார். அப்புறம் சிலிண்டர் ஹெட், அப்புறம் ஜெனரேட்டர் பக்கம். என்னையும் கேட்கச் சொன்னார். ஹெட்டில் வைத்தால் டிக்டிக்டிக் என்று வால்வைத் தட்டும் டேப்பெட். கிளட்ச் கவரில் வைத்து ஆக்சிலேட்டரைத் திருகினால், அதோ என் கொசு, அருகில் வந்து உட்கார்ந்துகொண்டு பாடுகிறது.

"பல்லுச் சத்தம் தம்பி. கார் ரிவர்ஸ் எடுக்கும்போது வருமே, அதேதான்."

அந்த ஒரு வரியில் எனக்குப் பாதி விளங்கிவிட்டது. காரில் முன்னே போகிற கியர்களின் பற்கள் சாய்வாக வெட்டப்பட்டவை. ஒரு பல் விலகுவதற்குள் அடுத்த பல் மெதுவாகச் சேர்ந்துவிடும், அதனால் சத்தம் குறைவு. ரிவர்ஸ் கியர் மட்டும் பெரும்பாலான மேனுவல் கார்களில் நேர்ப்பல், அதனால்தான் அந்த ஊளை. பைக்கின் கியர்பாக்ஸில் பெரும்பாலும் எல்லாமே நேர்ப்பல். சாய்வுப் பல் சுழலும்போது கியரைப் பக்கவாட்டில் தள்ளும், பைக்கிலோ கியர்களே தண்டில் இப்படி அப்படி நகர்ந்துதான் ஒன்றோடொன்று கொக்கி போட்டுக்கொள்கின்றன, அங்கே அந்தத் தள்ளல் தொல்லை. நேர்ப்பல் எளிது, உறுதி, சக்தி வீணாவதும் குறைவு. அதற்குக் கொடுக்கும் விலைதான் சத்தம்.

கணக்கும் போட்டுப் பார்த்தேன். என் வண்டியில் இன்ஜினின் சுழல்தண்டான கிராங்க் முனையில் இருந்து கிளட்ச்சைச் சுற்றும் பிரைமரி கியருக்கு 30 பல். 4500 ஆர்.பி.எம். என்றால் விநாடிக்கு 75 சுற்று. 75ஐ 30ஆல் பெருக்கினால் 2250. விநாடிக்கு 2250 தடவை ஒரு பல் இன்னொரு பல்லைத் தொடுகிறது, 2250 ஹெர்ட்ஸ் சத்தம். மனிதக் காது ரொம்பக் கூர்மையாகக் கேட்பது 2000 முதல் 5000 ஹெர்ட்ஸ் வரை. என் கொசு நேராக அந்த வாசலில் வந்து நிற்கிறது! வேறு எந்த வேகத்திலும் அந்தப் பற்கள் சும்மா இருப்பதில்லை, ஆனால் அந்த அதிர்வுக்கு மட்டும் மெல்லிய கவரோ ஃபேரிங் பிளாஸ்டிக்கோ சேர்ந்து ஆடுகிறது, அதனால் அங்கே தனியாகத் தெரிகிறது. கவர் போல்ட்டுகளும் ஃபேரிங் ஸ்க்ரூக்களும் ஒழுங்காக முறுக்கி, பிளாஸ்டிக் உரசும் இரண்டு இடத்தில் ரப்பர் துண்டு வைத்ததில் கொஞ்சம் அடங்கியது. முழுக்கப் போகாது என்று அண்ணா முன்பே சொல்லிவிட்டார்.

இதே பல்லுச் சத்தத்துக்காகவே ஒரு வண்டியைத் தேடி வாங்குகிறவர்கள் உண்டு. ஹோண்டாவின் விஎஃப்ஆர் 800இல் 2001 வரை வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்டைச் சுற்ற செயின் கிடையாது, வரிசையாகக் கியர்கள்தான். அதன் ஊளையைக் கேட்டுப் பழகியவர்கள், 2002இல் கேம் செயினுக்கு மாறியபோது மனம் உடைந்துபோனார்கள், இன்றும் பழைய மாடலைத்தான் கேட்கிறார்கள். கவாசாகியின் நிஞ்சா எச்2 எஸ்எக்ஸ், இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் சூப்பர்சார்ஜர் வைத்த டூரிங் வண்டி, ஆக்சிலேட்டரை விட்டால் குருவி மாதிரிக் கீச்சிடும், அதைக் கேட்பதற்கென்றே வீடியோ பார்க்கிறோம். சின்ன வயதில் ஏற்காடு மலை ஏறும் பஸ் செகண்ட் கியரில் முனகிக்கொண்டு ஒவ்வொரு கொண்டையூசியாகத் திரும்புவது எனக்கு எவ்வளவு பிடிக்கும். என் வண்டியின் சத்தம் மட்டும் ஏன் அப்படி அரித்தது என்று யோசித்தால், அது என்ன என்று தெரியாததுதான் காரணம். தெரியாத சத்தம் ஒவ்வொரு நிமிடமும் "நடுவழியில் நிற்கப்போகிறாய்" என்று சொல்லிக்கொண்டே இருக்கும்.

அண்ணா சொல்லிக்கொடுத்த இன்னொன்று டேப்பெட். எல்லோரும் டிக்டிக் சத்தத்துக்குப் பயந்து டைட் செய்யச் சொல்கிறார்கள். அது தப்பு. வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவே மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, இரண்டு பங்கு என்று இடைவெளி இருந்தே ஆக வேண்டும். அந்த இடைவெளி சுருங்கினால் சத்தம் குறையும், வண்டி நன்றாகிவிட்டது என்று நாம் நினைப்போம், ஆனால் வால்வு முழுசாக மூடாமல் சூட்டைக் கடத்த முடியாமல் எரிய ஆரம்பிக்கும். கொஞ்சம் பேசுகிற டேப்பெட்டை விடுங்கள், திடீரென்று ஊமையான டேப்பெட்டைத்தான் உடனே பார்க்க வேண்டும். காற்றால் குளிரும் இன்ஜின் வைத்திருப்பவர்கள் இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும், சிலிண்டரைச் சுற்றித் தண்ணீர் இருந்தால் அது சத்தத்தையும் அமுக்கும், வெறும் தகடுகள் மணி மாதிரி அதிரும். பல இன்ஜின்களில் அந்தத் தகடுகளுக்கு நடுவே சின்ன ரப்பர் கட்டைகள் செருகியிருப்பது அதற்காகத்தான். விழுந்திருந்தால் வாங்கிப் போட்டுவிடுங்கள்.

அப்புறம் ஓடும்போது செய்கிற சோதனை. சாலை காலியாக இருக்கும்போது, சத்தம் வருகிற வேகத்தில் கிளட்ச்சைப் பிடித்து ஆக்சிலேட்டரை விடுங்கள். இன்ஜின் இறங்கும்போது சத்தமும் கூடவே இறங்கினால் அது இன்ஜின் பக்கத்துச் சமாச்சாரம். இன்ஜின் இறங்கியும் சத்தம் அப்படியே இருந்து, வண்டி வேகம் குறையக் குறைய மட்டும் குறைந்தால், பெரும்பாலும் செயின், டயர், சக்கர பேரிங். செயின் ரொம்ப டைட்டாக இருந்தாலும் முனகும். கட்டம் கட்டமாகப் பட்டன் வைத்த டயர் தார்ச்சாலையில் ஹம்ம்ம் என்று பாடும், பயப்பட ஒன்றுமில்லை.

இவ்வளவு தெரிந்தபின் நிம்மதியாக ஓட்டினேனா என்றால், முதலில் இல்லை. கொடைக்கானல் போய்விட்டு வந்த ஒரு நாள், திண்டுக்கல்லில் லாட்ஜில் தங்கினேன். ராத்திரி பதினொரு மணி இருக்கும், விளக்கை அணைத்துப் படுத்தால் அந்த உய்ய்ங் கேட்கிறது. வண்டி கீழே நிற்கிறது, சாவி மேசை மேல் இருக்கிறது, சத்தம் என் காதுக்குள். காலை வரை இருந்தது. உண்மையாகவே பயந்துவிட்டேன்.

அதன் பிறகுதான் படித்தேன். காதைக் கெடுப்பது இன்ஜின் இல்லை, காற்று. 60, 65 கி.மீ. தாண்டினாலே ஹெல்மெட்டுக்குள் காற்றிரைச்சல் மற்ற எல்லாவற்றையும் விஞ்சிவிடுகிறது, 100 கி.மீ. வேகத்தில் நல்ல முழு ஹெல்மெட்டுக்குள்ளேயே 95, 100 டெசிபல் வரும். அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் சொல்லும் எல்லை, 85 டெசிபலில் எட்டு மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 88இல் நாலு மணி நேரம், 91இல் இரண்டு, அப்படியே போனால் 100 டெசிபலில் பதினைந்து நிமிடம். நான் ஒரு நாளில் ஆறு, ஏழு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறேன். உள்காதில் இருக்கும் நுண்ணிய மயிரிழைச் செல்கள் செத்தால் மனிதருக்குத் திரும்ப முளைப்பதில்லை. ஒரு வருடமாகக் கொசுவைத் துரத்திக்கொண்டு, வீட்டுக்குள் வந்த வெள்ளத்தைப் பார்க்காமல் இருந்திருக்கிறேன்.

மருந்துக்கடையில் நுரைப் பிளக் கிடைக்கிறது, ஃபேக்டரிகளில் போடுகிறார்களே, அதுதான். விலை ரொம்பக் குறைவு. போடும் முறைதான் முக்கியம். சுத்தமான விரலால் திரி மாதிரி மெல்லிசாக உருட்டி, மறு கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காது மடலை மேலே இழுத்து, உள்ளே விட்டு, நுரை விரியும் வரை அரை நிமிடம் விரலால் பிடித்திருக்க வேண்டும். சும்மா வாசலில் சொருகினால் பாதிப் பயன்கூட இல்லை. முதல் நாள் போட்டு ஓட்டியபோது வண்டியே வேறு வண்டி மாதிரி இருந்தது. கொசு போய்விட்டது, இந்த நுரை உயர்ந்த சுருதியைத்தான் அதிகம் அமுக்கும். லாரி ஹாரன் நன்றாகவே கேட்டது, இரைச்சல் குறைந்ததால் இன்னும் தெளிவாகக் கேட்டது போலிருந்தது. சாயங்காலம் இறங்கும்போது அந்தத் தலைக் கிறுகிறுப்பும் இல்லை. தயவுசெய்து போடுங்கள், உயரமான கண்ணாடி வாங்குவதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள். நான் அந்த உயரக் கண்ணாடியும் வாங்கினேன், அதன் விளிம்பிலிருந்து சுழன்று வந்த காற்று நேராக ஹெல்மெட்டில் தடதடவென்று அறைந்தது, கழற்றிப் பரணில் போட்டுவிட்டேன்.

போன வருடம் தனுஷ்கோடி போனேன். அரிச்சல்முனை வரை போய், மணலிலும் உப்புக் காற்றிலும் வண்டியை நிறுத்தி, மறுநாள் காலை திரும்பினேன். பாம்பன் பாலத்தில் காற்று பலமாக இருந்தது, ஒன்றும் தெரியவில்லை. மண்டபம் தாண்டி 80ஐப் பிடித்ததும் சீட்டுக்கு அடியில் ஒரு உர்ர்ர். காதில் பிளக் இருக்கிறது, ஆனால் இந்த மாதிரி அடிச்சத்தத்தை அது அவ்வளவாகத் தடுக்காது, தவிர இது எலும்பு வழியாக வந்தது. புதுசு. என் வண்டியின் பாட்டு எனக்கு மனப்பாடம், இதில் இந்த வரி கிடையாது. கிளட்ச்சைப் பிடித்தேன். இன்ஜின் இறங்கியது, உர்ர் இறங்கவில்லை. லேசாக இடது பக்கம் சாய்த்தால் கூடியது.

அறுபதுக்கு மேல் போகாமல் ராமநாதபுரம் வந்து, பைபாஸ் பக்கம் ஒரு பட்டறையில் நிறுத்தினேன். பின் சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் டொக் டொக் என்று லேசான ஆட்டம். அந்த அண்ணே பேரிங்கை அடித்து வெளியே எடுத்து, துடைத்து, என் உள்ளங்கையில் வைத்தார். 6204 என்று விளிம்பில் எழுதியிருந்தது. ரப்பர் சீல் ஒரு பக்கம் கிழிந்து, உள்ளே கிரீஸ் இருந்த இடத்தில் காபிப்பொடி நிறத்தில் துரு. விரலை விட்டுச் சுற்றினேன், நறநறவென்று பல் கூசியது.

"இன்னும் நூறு கிலோமீட்டர் போயிருந்தா ஹப்பையும் சேர்த்துத் தின்னுருக்கும் தம்பி. எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

சத்தம் மாறுச்சுண்ணே என்றேன். இரண்டு பக்கமும் புதுசு போட்டார், கூலியோடு சேர்த்து ஆயிரத்தைத் தொடவில்லை. கிளம்பும்போது பிளக்கைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். நெடுஞ்சாலையில் ஏறி மெதுவாக 60, 70, 80. அடியில் அமைதி. 90இல் உய்ய்ய்ங். பரமக்குடி வரும் வரை பிளக் போடாமல் அதைக் கேட்டுக்கொண்டே ஓட்டினேன், அப்புறம் ஒரு டீக்கடையில் நிறுத்திப் போட்டுக்கொண்டேன்.