அடித்தவரை வெறுக்க முடியாத பிள்ளைகள்

குடும்பத்துக்குள் நடக்கும் வன்முறையிலிருந்து மீண்டு வரும் பதின்பருவத்தினரைப் பற்றிய நாவல்களில், அடியும் காயமும் எவ்வளவு நுணுக்கமாக எழுதப்பட்டிருக்கின்றன என்பதை நான் பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை. அடித்தவர் மீது அந்தப் பிள்ளைக்கு இன்னும் எஞ்சியிருக்கும் பாசத்தை எழுத ஆசிரியருக்குத் துணிவு இருக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்க்கிறேன்.

நைஜீரிய எழுத்தாளர் சிமமாண்டா இங்கோசி அடிச்சியின் 'பர்ப்பிள் ஹைபிஸ்கஸ்' (2003) நாவல் இளையோருக்கென்றே எழுதப்பட்ட நூல் அன்று. ஆனால் கதையைச் சொல்பவள் 15 வயதுக் கம்பிலி என்பதால், இந்த வரிசையில் வைத்தே அதை வாசிக்கிறேன். அவளுடைய தந்தை, நைஜீரியாவின் இராணுவ ஆட்சியை அஞ்சாமல் எதிர்க்கும் பத்திரிகையின் உரிமையாளர். ஊராருக்கு வாரி வழங்குபவர். வீட்டிலோ மதத்தின் பெயரால் மனைவியையும் பிள்ளைகளையும் காயப்படுத்துபவர். அவருடைய ஒரு பாராட்டுச் சொல்லுக்காக மகள் ஏங்குகிறாள். வாசிக்கும் நமக்குக் கோபம் வரும் இடங்களில் அவளுக்குப் பெருமிதம் வருகிறது. அவரை வெறும் அரக்கனாக எழுதியிருந்தால் நமக்கு வாசிப்பு எளிதாக இருந்திருக்கும். அவளுக்கு ஏன் எதுவுமே எளிதாக இல்லை என்பது மட்டும் விளங்காமல் போயிருக்கும். உணவுக்கும் உறைவிடத்துக்கும் ஒருவரையே நம்பியிருக்கும் பிள்ளைக்கு, அவர் கெட்டவர் என்று ஒப்புக்கொள்வதைவிடத் தானே கெட்ட பிள்ளை என்று நம்பிவிடுவது பாதுகாப்பாகத் தோன்றுகிறது. காலடி ஓசையை வைத்தே வருபவரின் மனநிலையை அளக்கும் பழக்கமும் அப்படித்தான் படிகிறது; வீட்டைவிட்டு வெளியேறிய பிறகும் அது எளிதில் விடுவதில்லை.

இத்தகைய நாவல்கள் பலவற்றில் எனக்குச் சலிப்பூட்டுவது, காதலன் வந்து எல்லாவற்றையும் ஆற்றிவிடும் முடிவு. நிஜ வாழ்க்கையில் மீட்சி வேறு வழியிலும் வருகிறது என்பதற்கு ஓர் ஆய்வு உண்டு. ஹவாயின் காவாய் தீவில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை உளவியலாளர் எம்மி வெர்னரும் அவருடைய குழுவினரும் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தனர். வறுமை, குடும்பச் சச்சரவு முதலிய பல இடர்களுக்கு நடுவே வளர்ந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் நிலையான வாழ்க்கையை எட்டினர். பாட்டி, ஆசிரியர் என அக்கறையுள்ள ஒரு பெரியவரின் நெருக்கம் அவர்களுக்குக் கிடைத்திருந்தது என்பது அந்த ஆய்வின் முக்கியமான முடிவுகளுள் ஒன்று.

கம்பிலிக்கு அப்படி வாய்த்தவர் அத்தை இஃபியோமா. (இளம் பாதிரியார் ஒருவர் மீது அவளுக்குக் காதலும் உண்டு, நல்லவேளையாக, மீட்பர் வேலை முழுவதையும் ஆசிரியர் அவரிடம் ஒப்படைத்துவிடவில்லை.) அத்தையின் வீட்டில் பிள்ளைகள் உரக்கச் சிரிக்கிறார்கள், வாதாடுகிறார்கள், கம்பிலிக்கோ முதலில் குரலே எழும்புவதில்லை. கீரையைச் சமையலுக்குத் தயார் செய்யத் தெரியவில்லை என்று அத்தை மகள் அமாக்கா அவளைச் சீண்டும்போது, மகளை அடக்காமல், உனக்கு வாயில்லையா, திருப்பிப் பேசு என்று கம்பிலியைத்தான் அத்தை அதட்டுகிறார். கத்த வேண்டாம், எனக்குத் தெரியாதுதான், நீ சொல்லிக்கொடு என்று கம்பிலி நிதானமாகப் பதில் சொல்கிறாள். அந்த நாவலில் நான் மீண்டும் மீண்டும் தேடிப்போய் வாசிக்கும் பக்கம் இதுதான்.