பட்டுக்கூட்டுக்குள் மிஞ்சும் உணவு

பட்டுப்புழுவை உண்பவர்கள் இருக்கிறார்கள் என்று சொன்னதும் முகம் சுளிப்பவர்களைப் பலமுறை பார்த்திருக்கிறேன். உணவைப் பற்றிய கூச்சம் சிறுவயதிலேயே ஊறிவிடுவது. அதை நான் குறைசொல்ல மாட்டேன். ஆனால் பட்டை விரும்பி உடுத்திக்கொண்டே புழுவை உண்பவரை இழிவாகப் பேசுவதில் நியாயம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

மல்பெரி இலையைத் தின்று, நான்கு முறை தோலுரித்து, ஏறக்குறைய நான்கு வாரங்களில் முதிரும் புழு, தன்னைச் சுற்றிக் கூடு கட்டிக்கொண்டு உள்ளே கூட்டுப்புழுவாக மாறுகிறது. அது அந்துப்பூச்சியாகி வெளியேறினால் கூடு துளைபட்டு நூற்றுக்கணக்கான மீட்டர் நீளமுள்ள இழை தொடர்ச்சியை இழந்துவிடும் என்பதால், அதற்கு முன்பே அதைச் சூட்டில் கொன்று, வெந்நீரில் கூட்டின் பசையை இளக்கி நூலை இழுக்கிறார்கள். ஆகவே உயிர் போவது நூலுக்காகத்தான். நூல் பிரிந்தபின் மிஞ்சும் கூட்டுப்புழுவோ, உலர்ந்த எடையில் ஏறத்தாழப் பாதி புரதமும், ஒமேகா-3 வகைக் கொழுப்பு மிகுந்த எண்ணெயும் கொண்டது. அதை வீசி எறிவதைவிட உண்பதே அந்த உயிருக்குச் செய்யும் மரியாதை என்பது என் கருத்து.

தென்கொரியாவில் இதைப் பொண்டேகி என்ற பெயரில் வேகவைத்துத் தெருவோரக் கடைகளில் காகிதக் குவளையில் தருகிறார்கள். தகர டப்பாக்களிலும் அடைத்து விற்கிறார்கள். வியட்நாமில் எலுமிச்சை இலை சேர்த்து வதக்குவதும், ஜப்பானின் நாகானோ பகுதியில் சோயா சாற்றிலும் சர்க்கரையிலும் சுண்டக் காய்ச்சுவதும் வழக்கம். சீனாவின் வடகிழக்கில் உண்ணப்படுவது வேறு இனம்; ஓக் இலை தின்று வளரும் அதன் கூட்டுப்புழு அளவில் பெரியது. இறால், நண்டு ஒவ்வாதவர்களுக்கு இவையும் ஒவ்வாமல் போகலாம் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. கூட்டுப்புழுவை உண்டு கடுமையான ஒவ்வாமைக்கு உள்ளானவர்களைப் பற்றி மருத்துவப் பதிவுகள் உண்டு.

என்னை மிகவும் ஈர்ப்பது அசாமின் எரி பட்டுதான். போடோ உள்ளிட்ட பல சமூகத்தினர் ஆமணக்கு இலை கொடுத்து வீட்டிலேயே வளர்க்கும் இந்தப் புழு, ஒருமுனை திறந்த கூட்டைக் கட்டுகிறது. அதன் இழை தொடர்ச்சியானது அல்ல என்பதால் பஞ்சைப் போல நூற்றுத்தான் நூலாக்க வேண்டும். கூட்டுப்புழுவை முன்கூட்டியே வெளியே எடுத்துவிடலாம். பொரித்தோ மூங்கில் குருத்துடன் சமைத்தோ உண்ணப்படும் அந்தக் கூட்டுப்புழுவுக்காகவே பல குடும்பங்கள் இதை வளர்க்கின்றன. அவர்களுக்குத் துணி இரண்டாவது பயன். அந்துப்பூச்சி தானே வெளியேற வழியுள்ளது என்ற காரணத்தால் இதே எரி பட்டு வெளிச்சந்தையில் 'அகிம்சைப் பட்டு' என்று விற்கப்படுகிறது. வழி இருப்பதாலேயே ஒவ்வொரு பூச்சியும் அதில் வெளியேறியதாகக் கொள்ள முடியாது. கொல்லாமைக்காக மட்டுமே இதை வாங்குபவர்கள், அந்தக் கூடு எப்போது, எப்படிக் காலியானது என்று விற்பவரிடம் கேட்டறிய வேண்டும்.