நஜஃபிலிருந்து ஓர் அறிக்கை

வெளிநாட்டுச் செய்திப் பிரிவில் இருந்தபோது, வெள்ளிக்கிழமை மதியம் ஏஜென்சி செய்தியில் ‘கர்பலா’ என்று கண்ணில் பட்டால் கையில் இருப்பதை வைத்துவிட்டு அதைத்தான் முதலில் திறப்பேன். ஈராக் ஷியாக்களின் மூத்த மதகுரு அயதுல்லா அலி சிஸ்தானி நஜஃப் நகரில் வீட்டைவிட்டு அதிகம் வெளியே வரமாட்டார். அப்போதெல்லாம் அவர் சொல்ல நினைப்பதை ஈராக்கின் இன்னொரு நகரான கர்பலாவில் ஜும்ஆ தொழுகையின்போது அவருடைய பிரதிநிதி வாசிப்பது வழக்கமாக இருந்தது.

பக்க வடிவமைப்பாளருக்கு இதில் பெரிய சலிப்பு. போர், தேர்தல், ராஜினாமா எதுவானாலும் கறுப்புத் தலைப்பாகை, வெள்ளைத் தாடியுடன் அதே பழைய படம்தான். “வேற படமே கிடையாதா சார்?” என்பார். எங்கே போவது?

எனக்கிருந்த வேலை வேறு. ‘ஈராக்கின் கொமேனி’ என்று யாராவது எழுதியிருப்பார்கள். அதைப் பார்த்த இடத்திலெல்லாம் வெட்டுவேன். ஈரான் புரட்சித் தலைவர் கொமேனி, மதகுருவே ஆள வேண்டும் என்றவர். சிஸ்தானி பதவிப் பக்கமே போகவில்லை. 2003இல் அமெரிக்கா கைப்பற்றிய ஈராக்கை நிர்வகித்த பால் பிரெமர், நியமன உறுப்பினர்களை வைத்து அரசியல் சாசனம் எழுதத் திட்டமிட்டார். மக்கள் தேர்ந்தெடுத்தவர்கள்தான் எழுத வேண்டும் என்று சிஸ்தானி ஃபத்வா (மதத் தீர்ப்பு) கொடுத்தார். பிரெமரை அவர் சந்திக்கவே இல்லை. 2004 ஜனவரியில் பாக்தாத்திலும் பஸ்ராவிலும் தேர்தல் கேட்டுப் பெருங்கூட்டம் தெருவில் இறங்கியது. 2005 ஜனவரி 30 அன்று தேர்தல் நடந்தது. ஈரானின் மஷ்ஹதில் பிறந்து ஈராக் குடியுரிமை பெறாத அவருக்கு அதில் ஓட்டுக்கூட இல்லை.

2019 நவம்பர் 29 உரையும் அப்படித்தான். அரசை எதிர்த்த போராட்டக்காரர்கள் நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்டிருந்த நேரம். இந்த அரசை அமைத்த நாடாளுமன்றம் தன் முடிவை மறுபரிசீலனை செய்யட்டும் என்றது சிஸ்தானியின் உரை, அவ்வளவுதான். பிரதமர் பெயரைச் சொல்லவில்லை. அன்றே பிரதமர் ஆதில் அப்துல் மஹ்தி ராஜினாமா செய்யப்போவதாக அறிவித்துவிட்டார். தலைப்பில் ‘உத்தரவு’ என்று போடச் சொன்னார்கள். அப்படி எதையும் அவர் உத்தரவிடவில்லையே! ‘சிஸ்தானி உரை: பிரதமர் விலகுகிறார்’ என்று வைத்தோம்.

இந்தச் செல்வாக்கை வியந்துகொண்டே இருந்துவிட முடியாது. 2014 ஜூனில் மோசுல் நகரம் ஐஎஸ் (இஸ்லாமிக் ஸ்டேட்) பயங்கரவாத அமைப்பின் கையில் விழுந்த மூன்றாம் நாள், ஆயுதம் ஏந்த முடிந்தவர்கள் பாதுகாப்புப் படைகளில் சேருங்கள் என்று அவர் அழைத்தார். சேர்ந்தவர்களில் பெரும்பகுதியினர் போனது ராணுவத்துக்கு அல்ல, ஆயுதக் குழுக்களுக்கு. ஈரானோடு நெருக்கமான தளபதிகள் அவற்றில் பலம் பெற்றார்கள். 2016இல் நாடாளுமன்றம் அந்தப் படைகளுக்குச் சட்ட அங்கீகாரமும் கொடுத்தது. அப்புறம் அவற்றின் தலைவர்கள் தேர்தலில் நின்று இடங்களையும் பிடித்தார்கள். ஆயுதம் அரசின் கையில் மட்டுமே இருக்க வேண்டும் என்று நஜஃபிலிருந்து வந்த பேச்சுக்கு அந்தக் குழுக்கள் மரியாதையாகத் தலையாட்டின, ஆயுதத்தைக் கீழே வைக்கவில்லை.