கடாரத்து ஆயாக்கள்

சாயங்காலம் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதும் பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பையன் "ஆயா! ஆயா!" என்று கத்திக்கொண்டே வாசலுக்கு ஓடினான். கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்த நான் கையில் சேலையோடு அப்படியே நின்றுவிட்டேன். ஆரணிப் பக்கம் பிறந்தவர்களுக்கு ஆயா என்றால் பாட்டி. சுருக்குப்பையும் வெற்றிலை வாசமும் கூடவே வரும். இங்கே ஹெல்மெட்டைக் கழற்றியபடி இறங்கியவர் தாடி வைத்த ஓர் ஆள். மலாயில் ஆயா என்றால் அப்பா.

நான் கல்யாணமாகி வந்த பிறகுதான் என் ஆயா போனாள். கருமாதிக்குக்கூடப் போக முடியவில்லை. அதனால்தான் அந்தக் கூப்பாடு அப்படிக் குத்தியது.

நாங்கள் இருப்பது பீடோங்கில், மலேசியாவின் கெடா மாநிலத்துத் தோட்டப்புற ஊர். ராஜேந்திர சோழன் 1025இல் படையெடுத்த கடாரம் இந்தக் கெடாதான் என்பது பள்ளிக்கூடத்தில் படித்தது. படித்தபோது அங்கே குடித்தனம் நடத்தப்போகிறேன் என்று யார் நினைத்தார்கள்? ஒரு காலத்தில் பால் மரமாக, அதாவது ரப்பர் மரமாக இருந்த இடமெல்லாம் இன்று பெரும்பாலும் செம்பனை, எண்ணெய்ப் பனை.

அந்த ஆயாவுக்குப் பிறகு இந்த மாதிரிச் சொற்கள் தினமும் காதில் விழத் தொடங்கின. கடையில் கூட்டமாக இருந்தால் கடைக்கார அம்மா "நந்தி, நந்தி" என்பார். பொறு, அப்புறம் என்று பொருள். அவர்கள் வாயில் அந்தத் 'தி' அழுத்தமாக வரும், நம் வாயில் மென்மையாக வரும். எழுதிப் பார்த்தால் நம் எழுத்தில் இரண்டும் ஒன்றுதான். சிவன் சன்னிதிக்கு எதிரே காலகாலமாகக் காத்துக் கிடப்பவருக்கும் நந்தி என்றே பெயர்! ஆனால் அது மகிழ்ச்சி என்ற பொருளுள்ள வடமொழிச் சொல். இதற்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. தெரிந்து என்ன பயன்? 'நந்தி' என்று கேட்டாலே திருவண்ணாமலைப் பெரிய நந்திக்குப் பிரதோஷத்தன்று பால் ஊற்றுவதும், கூட்டத்தில் என் கையை இறுகப் பிடித்திருந்த ஆயாவும்தான் நினைவுக்கு வருகிறார்கள்.

இரும்புக் கடையில் நைலான் கயிற்றுச் சுருளுக்குப் பெயர் தாலி. நம் தாலியும் கயிற்றில்தானே கோத்திருக்கிறது, தமிழிலிருந்துதான் இந்தச் சொல் போயிருக்கும் என்று கணவரின் சித்தப்பா அடித்துச் சொல்வார். எனக்கு அதில் உடன்பாடில்லை. பிலிப்பீன்ஸின் தகாலோக் மொழியிலும் தாலி என்றால் கயிறுதான்; அது அந்தத் தீவுகளின் மொழிக் குடும்பத்துக்குச் சொந்தமான சொல். நம் தாலியோ சங்கப் பாட்டில் சிறு பையன்களின் கழுத்தில் காப்பாகக் கிடந்தது. ஓசை ஒன்றாக இருந்துவிட்டால் சம்பந்தி ஆகிவிட முடியாது.

உண்மையாகவே நம் வீட்டிலிருந்து போனவையும் இருக்கின்றன. மலாயில் கப்பல் 'காப்பால்', கடை 'கெடாய்'. மீன் வளர்க்கும் குட்டைக்குக் 'கோலாம்' என்பார்கள். முதலில் அது வாசலில் போடும் கோலமாகத்தான் எனக்குக் கேட்டது. ஆனால் வேர், நம் குளம். பேச்சில் 'கொளம்' என்போமே, அதுதான் கடல் கடந்து வந்து இங்கே ஊறிவிட்டது.

இப்போதெல்லாம் நான் நன்றாகப் பழகிவிட்டேன். ரிங்கிட்டை வெள்ளி என்கிறேன், சாப்பிட்டாச்சா என்று கேட்காமல் பசியாறியாச்சா என்கிறேன். ஊருக்குப் போன் பேசும்போது "எனக்கென்ன குறை" என்றுதான் சொல்கிறேன். ஆனால் எங்காவது பலகையில் கோலாம் என்று பார்த்தால் போதும், எங்கள் ஊர்க் குளத்துப் படிக்கட்டில் ஆயா துணியை அடித்துத் துவைக்கிற சத்தம் கேட்கத் தொடங்கிவிடும்.

இதை ஒரு நாள் அத்தையிடம் சொன்னேன். பால் மரம் வெட்டியே, அதாவது பட்டையைக் கீறிப் பால் இறக்கியே பிள்ளைகளை ஆளாக்கியவர் அவர். 1938இல் இந்திய அரசு தோட்ட வேலைக்கு ஆள் அனுப்புவதை நிறுத்துவதற்கு முன்னால், நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியவர் அவருடைய அப்பா. அத்தை சிரித்தார். "எங்களுக்கு ஆயான்னா அப்பாவும் இல்ல, பாட்டியும் இல்லம்மா. ஆயான்னா கொட்டகை."

தோட்டத்தில் ஆயாக் கொட்டகை என்று ஒன்று இருந்திருக்கிறது. வெயில் ஏறுவதற்குள் வெட்டினால்தான் மரத்தில் பால் நன்றாக இறங்கும். அதனால் இருட்டோடு எழுந்து, கைக்குழந்தையைத் துணியில் சுற்றிக் கொண்டுபோய்க் கொட்டகையில் விட்டுவிட்டுத்தான் பெரட்டுக்கு, காலையில் பெயர் கூப்பிடும் இடத்துக்கு, ஓட வேண்டும். வரிசையாகத் துணித் தொட்டில்கள். அத்தனையையும் ஆட்டிக்கொண்டு, பால் புகட்டி, பீ மூத்திரம் கழுவி, காய்ச்சல் கண்டால் மடியிலேயே போட்டுக்கொண்டு இருப்பார் ஒரு வயதான அம்மா. அவர்தான் ஆயா. என் கணவரும் அப்படி ஒரு தொட்டிலில் கிடந்தவர்தான்.

இந்த ஆயாவுக்கு வேர் வேறு. பிள்ளை பார்க்கும் பெண்ணைப் போர்த்துக்கீசியர் 'ஆயா' என்றார்கள். அலமாரியும் ஜன்னலும் போல அதுவும் அவர்களிடமிருந்து வந்தது. லத்தீனில் பாட்டியைக் குறித்த சொல்தான் அதற்கு மூலம் என்கின்றன அகராதிகள். எங்கள் ஆரணி ஆயாவோ அம்மாவைக் குறிக்கும் பழந்தமிழ் 'ஆய்' வழி வந்தவள். மூன்று வேரிலிருந்து மூன்று பேர் இந்தச் சின்ன ஊருக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள். அதை நினைக்க நினைக்க எனக்குத் திகட்டவில்லை.

ஆனால் ஒரு ஆதங்கம் இருக்கிறது. நான் படித்த தோட்டத்துக் கதைகளில் துரை வருகிறார், வேலை வாங்கும் கங்காணி வருகிறார், கணக்கெழுதும் கிராணி வருகிறார். ஆயாவுக்கு ஒரு வரிக்கு மேல் கிடைப்பதில்லை. ஒரு தலைமுறையையே தொட்டில் ஆட்டி வளர்த்தவர்களுக்கு இது நியாயமா? அத்தை சொன்ன அந்தக் கொட்டகையும் இப்போது இல்லை, அந்த இடத்தில் செம்பனை நிற்கிறது. என் மகள் போவது 'தாடிக்கா'வுக்கு. அதற்கும் தாடிக்கும் சம்பந்தமில்லை. மழலையர் பள்ளிக்கான மலாய்ப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்த சுருக்கம்.

அத்தையோடு மரம் வெட்டிய பெண்கள் சிலர் இன்னும் இந்த வட்டாரத்தில்தான் இருக்கிறார்கள். தீபாவளி முடிந்ததும் அத்தையை அழைத்துக்கொண்டு ஒவ்வொரு வீடாகப் போகப்போகிறேன். கொட்டகையில் ஆயாக்கள் பாடிய தாலாட்டுகளை அவர்கள் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ள வேண்டும். பாடியவர்களின் பெயர்களையும்தான்.