உயுனி ரயில் கல்லறையில் துருவின் நிறங்கள்

பொலிவியாவின் உயுனி நகருக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர், பத்தாயிரம் சதுர கிலோமீட்டருக்கும் மேல் பரந்து கிடக்கும் உப்புச் சமவெளியைப் பார்க்கத்தான் வருகிறார்கள். ஊருக்கு வெளியே சுமார் 3 கிலோமீட்டரில் இருக்கும் ரயில் கல்லறை, அந்தச் சுற்றுலாவின் முதல் நிறுத்தமாகச் சிறிது நேரத்திலேயே முடிந்துவிடும். கைவிடப்பட்ட வண்டிகளை நெருங்கி நின்று படமெடுக்கும் பழக்கம் எனக்கு நெடுநாளாக உண்டு என்பதால் என் திட்டம் நேர்மாறாக இருந்தது. கல்லறையைப் பார்க்கவே கிளம்பினேன். உப்பைப் போகிற போக்கில் பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தேன்.

சிலியின் அந்தோஃபகஸ்தா துறைமுகத்திலிருந்து மலையேறி வந்த ரயில் பாதை 1889-இல் உயுனியை எட்டியது. சுரங்கக் கனிமங்களைப் பசிபிக் கரைக்குக் கொண்டுசெல்வதே அதன் முதன்மையான வேலை. 1940களில் சுரங்கத் தொழில் நொடித்தபின் வேலையற்றுப்போன நீராவி எஞ்சின்களும் சரக்குப் பெட்டிகளும் திறந்தவெளியில் விடப்பட்டன. உப்பு ஈரத்தைப் பிடித்துவைத்து அரிப்பைத் துரிதப்படுத்தும் என்பதால், சமவெளியிலிருந்து வீசும் காற்று மெல்லிய தகடுகளைத் தின்று தீர்த்திருக்கிறது. தடித்த கொதிகலன்களும் அடிச்சட்டங்களும் இன்னும் நிற்கின்றன.

சூரியன் எழும்போதே அங்கே இருக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். கூட்டம் வருமுன் படமெடுக்கலாம் என்பது சிறிய காரணம்தான். தாழ்ந்து வரும் ஒளி தகட்டின் மீது பக்கவாட்டில் உரசிச் செல்லும்போதுதான் தகடுகளை இணைக்கும் குமிழ் ஆணியான ரிவெட் ஒவ்வொன்றும் தன் நிழலை நீட்டுகிறது, உரிந்த பெயின்ட்டின் விளிம்பு மேடாகத் தெரிகிறது. உச்சிவெயிலில் அதே தகடு வெறும் பழுப்புப் பலகையாகிவிடும். ஏறத்தாழ 3,650 மீட்டர் உயரத்தில் அதிகாலைக் குளிர் கடுமையானது. கையுறையோடு கேமராவின் பொத்தான்களைத் தேடுவதே தனி வித்தை.

முதலில் எவருக்கும் தோன்றுவது முழு எஞ்சினையும் வானத்தையும் சேர்த்து எடுப்பதுதான். நானும் எடுத்தேன், அவை நல்ல அஞ்சலட்டைகள். ஆனால் பார்ப்பவர் 'இது ரயில்' என்று சொல்லிவிட்ட கணத்தில், படம் பழம்பெருமையும் அழிவும் பற்றிய கதையாகிவிடுகிறது. நிறத்தையும் கோட்டையும் பிறகு யாரும் பார்ப்பதில்லை. ஆகவே மிக நெருக்கத்தில் படமெடுக்க உதவும் மேக்ரோ லென்ஸை மாட்டிக்கொண்டு, சக்கரம், புகைபோக்கி, கைப்பிடி என்று அடையாளம் காட்டும் எதுவும் சட்டகத்துக்குள் வராத தொலைவுக்கு நெருங்கினேன். கேமராவைத் தகட்டுக்கு இணையாக முக்காலியில் நிறுத்தி, லென்ஸின் துளையை எஃப்/11 அளவுக்குச் சுருக்கினால் மூலைக்கு மூலை கூர்மை கிடைக்கும். போலரைசர் ஃபில்டர், மிச்சமிருக்கும் பெயின்ட்டின் பளபளப்பை அடக்கி, அடியிலுள்ள நிறத்தை வெளியே கொண்டுவரும்.

அப்படிப் பார்க்கையில் துரு ஒரே நிறமல்ல என்பது புலப்படும். புதிதாகப் படர்ந்தது ஆரஞ்சு; முதிர்ந்தது கரும்பழுப்பு; அடியில் சில இடங்களில் கறுப்பு. இரும்பைவிடத் துருவுக்குப் பருமன் அதிகம் என்பதால், அது உள்ளிருந்து பெயின்ட்டைத் தள்ளிக் கொப்புளமாக்கி வெடிக்கவைக்கிறது. வெடித்த இடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசிய அடுக்குகள் நிலவரைபடத்தின் உயரக்கோடுகளாகத் தெரிகின்றன. ஒரு கொதிகலனின் முன்கதவு இல்லாமல் போயிருந்தது. உள்ளே, புகைக்குழாய்கள் செருகியிருந்த வட்டத் தகடு சல்லடையாகத் துளைகளைக் காட்டிக்கொண்டிருந்தது. காலை ஒளி சில துளைகளில் மட்டும் பிறைகளை வரைந்திருந்தது. அந்தப் பிறைகள் நகரும் வரை அங்கேயே நின்றேன்.

எஞ்சின்களின் மேல் எழுதியிருப்பவற்றை நான் தவிர்த்தேன். எழுத்து வந்தால் கண் படிக்கப் போய்விடும். ஆனாலும் ஐன்ஸ்டைனின் புலச் சமன்பாட்டை யாரோ ஒரு எஞ்சினில் எழுதிவைத்ததையும், 'அனுபவமுள்ள மெக்கானிக் தேவை' என்ற பொருளில் வேறொருவர் ஸ்பானிஷில் விளம்பரம் கொடுத்ததையும் ரசிக்காமல் இருக்க முடியவில்லை.

இந்த இடத்தில் என் மனம் லேசாக இருந்ததற்குக் காரணம் உண்டு. இவை விபத்தில் நொறுங்கியவை அல்ல, பயனற்று ஓய்ந்தவை. மோதிச் சிதைந்த கார்களை நான் எடுப்பதே அரிது. காரின் முன்பக்க ஒட்டுக் கண்ணாடியில் விரியும் விரிசல் வலை எத்தனை அழகாக இருந்தாலும், அது யாருடைய தலை மோதிய இடம் என்ற கேள்வியை என்னால் ஒதுக்க முடிவதில்லை. காலமும் காற்றும் செய்த சிதைவை எவ்வளவு நேரமும் பார்க்கலாம்.

ஜீப்புகள் வரிசையாக வந்து சேர்ந்ததும் கொதிகலனின் மேல் ஏறி நிற்பவர்கள் கூடிவிட்டார்கள், ஒளியும் தட்டையாகிவிட்டது. அறைக்குத் திரும்பிப் படங்களைத் தேர்ந்தெடுத்தேன். கருப்பு வெள்ளைக்கு மாற்றினால் துருவின் ஆரஞ்சும் பெயின்ட்டின் நீலமும் ஏறத்தாழ ஒரே சாம்பலாகி அடங்கிவிடுவதால், நிறத்தை விடவில்லை. ஒவ்வொன்றையும் தலைகீழாகத் திருப்பியும் பார்ப்பேன். அப்போதும் அமைப்பு குலையாமல் நின்றால்தான் அது வெறும் கோடும் நிறமுமாகத் தேறிய படம். ஒளி மேலிருந்து வருவதாகவே நம் கண் எடுத்துக்கொள்வதால், திருப்பியதும் ரிவெட்டுகளின் மேடுகள் எல்லாம் பள்ளங்களாகிவிடுகின்றன. அவற்றில் ஒன்றைத் தலைகீழாகவே அச்சிடக் கொடுத்திருக்கிறேன்.