எஃப் தரத்திலிருந்து டி-க்கு: லண்டன் ஃபிளாட்டுக்கு இ.பி.சி. வாங்கிய அனுபவம்

லண்டனில் பழைய செங்கல் கட்டடம் ஒன்றின் மேல்மாடியில் எங்களுக்கு ஒரு ஃபிளாட் இருக்கிறது. கேஸ் இணைப்பு இல்லை, சூடாக்க மின்சாரம்தான். வாடகைக்கு இருந்தவர்கள் காலி செய்தபோது, வீட்டின் எரிசக்தித் திறனை ஏ முதல் ஜி வரை தரம் பிரிக்கும் பழைய எரிசக்திச் சான்றிதழின் (இ.பி.சி.) 10 ஆண்டுக் காலமும் முடிந்திருந்தது. புதியதற்கு ஏற்பாடு செய்யாமல் விளம்பரமே போட முடியாது என்றார் ஏஜென்ட். அதில் இ தரத்துக்குக் கீழே வந்தால், விலக்கு பதிவு செய்யாமல் வாடகைக்கு விடவும் முடியாது. 2018 ஏப்ரலில் புதிய ஒப்பந்தங்களுக்கு வந்த அந்த விதி, 2020 ஏப்ரலிலிருந்து நடப்பில் உள்ள ஒப்பந்தங்களுக்கும் பொருந்துகிறது.

அங்கீகாரம் பெற்ற மதிப்பீட்டாளர்களின் பட்டியல் அரசுத் தளத்திலேயே கிடைக்கிறது. வந்தவரிடம் மின்கட்டண பில்களை நீட்டினேன். "இது எனக்குத் தேவைப்படாது" என்று சொல்லிவிட்டார். யார் குடியிருந்தாலும் ஒரே மாதிரி வாழ்வதாக வைத்துக்கொண்டு, வீட்டை மட்டும் கணக்கிடுவார்களாம். நாங்கள் எத்தனை சிக்கனமாக இருந்திருந்தாலும் ஒரு புள்ளிகூடத் தேறாது!

அறைகளை அளந்தார், ஹீட்டர், பல்பு, வெந்நீர்த் தொட்டியின் உறை என எல்லாவற்றையும் படம் எடுத்தார். பரணில் ஏறி, கூரைக்கடியில் விரித்திருந்த வெப்பக் காப்புப் பஞ்சின் தடிமனை அளவுகோல் வைத்துப் பார்த்தார்: 100 மில்லிமீட்டர். இப்போது பரிந்துரைக்கப்படுவது 270. வெளியே செங்கல் அடுக்கில் கல்லின் குட்டை முகம் இடையிடையே தெரிந்ததால், நடுவில் இடைவெளி இல்லாத திடச் சுவர் என்று குறித்துக்கொண்டார்.

பின்பக்கச் சுவர்களுக்கு முந்தைய உரிமையாளர் உட்புறமாகக் காப்புப் பலகை அடித்திருந்தார். தட்டினாலே சத்தம் வேறாகக் கேட்கும். ஆனால் மதிப்பீட்டாளர் சுவரைத் துளைக்க மாட்டார். அதற்கான சான்றுத் தாள் இல்லையென்றால் கட்டடத்தின் வயதைப் பார்த்து, 'காப்பு இல்லை' என்றே அனுமானிப்பார். இதுதான் எனக்கு உறைத்தது. கணக்கில் ஏற வேண்டுமானால் கண்ணுக்குத் தெரிய வேண்டும், இல்லையேல் காகிதம் பேச வேண்டும்.

தற்காலிகக் கணக்கில் 36 வந்தது, அதாவது எஃப். பதிவேற்றிவிட்டால் பொதுப் பதிவேட்டில் எல்லோரும் பார்க்கலாம். அதனால் பதிவேற்றாமல் நிறுத்திவைக்கச் சொல்லி, எதை மாற்றினால் எவ்வளவு ஏறும் என்று அவரிடமே போட்டுப் பார்க்கக் கேட்டேன். சாதாரண மின் ஹீட்டர்களை எடுத்துவிட்டு, இரவு நேர மலிவு மின்சாரத்தில் சூட்டைச் சேமிக்கும் புதிய வகை ஸ்டோரேஜ் ஹீட்டர்களைப் போட்டால் பெரிய தாவல் தெரிந்தது. தரத்தை முடிவுசெய்யும் புள்ளி எரிபொருள் செலவை ஒட்டியது, கரியமில வாயுவை அல்ல. கேஸைவிட விலை கூடிய மின்சாரத்தை நம்பிய வீடுகள் அடிவாங்குவது இதனால்தான். எனக்கு இது நியாயமாகப் படவில்லை.

ஃபிளாட்டை நாங்கள் வாங்கிய நீண்டகாலக் குத்தகைக்குள் பரண் வராததால், கட்டடத்தின் நிலவுரிமையாளரின் எழுத்துபூர்வ அனுமதி வந்த பிறகே பஞ்சு கூட்ட முடிந்தது. வேலையைவிட அந்தக் கடிதத்துக்குத்தான் அதிக நாள் ஆனது. சுவர் வேலைக்கான கட்டட விதி நிறைவுச் சான்று, வீடு வாங்கியபோது வழக்கறிஞர் தந்த கோப்பிலேயே கிடந்தது. செலவெல்லாம், இ தரத்தை எட்ட உரிமையாளர் செலவிட வேண்டிய தொகைக்குச் சட்டம் வைத்திருக்கும் 3,500 பவுண்டு உச்சவரம்புக்குள் அடங்கியது.

மறு ஆய்வில் 58, டி தரம். முன்னறைச் சுவர்களுக்கும் காப்பு போடலாம் என்று சான்றிதழில் பரிந்துரை இருக்கிறது. அறை சுருங்கும் என்பதால் இப்போதைக்குத் தொடவில்லை. பதிவேறிய அன்றே ஏஜென்ட் விளம்பரத்தைப் போட்டுவிட்டார்.